இரவு 11.30 மணிக்கு நாங்கள் எந்தக் கோவிலில் இருப்பது? – பங்குத்தந்தைக்கும் சேகர ஐயருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கத்தோலிக்கப் பங்குத்தந்தை அவர்களுக்கும், லுத்தரன் சபைப் போதகரான சேகர ஐயர் அவர்களுக்கும், பங்குப்பேரவையிலும் சபைக் கமிட்டியிலும் இருக்கும் பெரியவர்களுக்கும்,

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு கோவில்களிலும் கிறிஸ்துமஸ் அறிவிப்பு வாசித்தீர்கள். ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன், இன்னொன்றில் என் கணவர். மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது இரண்டையும் ஒத்துப்பார்த்தோம். டிசம்பர் 24 இரவு 11.30 மணிக்குத் திருப்பலி. டிசம்பர் 24 இரவு 11.30 மணிக்குக் கிறிஸ்துமஸ் ஆராதனை. இரண்டு கோவிலுக்கும் நடுவில் ஒன்றரைக் கிலோமீட்டர்.

நான் கத்தோலிக்கப் பெண், திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். பூண்டி மாதா கோவில் மணிச் சத்தத்தில் வளர்ந்தவள். என் கணவர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, கடலோரப் பக்கத்து லுத்தரன் குடும்பம். கல்யாணமாகிப் பதினான்கு வருடம். காதல் கல்யாணம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர்கள் பார்த்து வைத்ததுதான். பெண் பார்க்க வந்தபோது சாதி ஒன்றா என்று மூன்று முறை கேட்டவர்கள், சபை வேறாயிற்றே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. ஆனால் நடந்தது அதுதான். அன்று யாருக்கும் பெரிதாகத் தெரியாத வித்தியாசம் ஒவ்வொரு டிசம்பரிலும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

இதுவரை எப்படிச் சமாளித்தோம் என்று சொல்கிறேன். ராத்திரிப் பூசை இங்கே கத்தோலிக்கக் கோவிலில், விடியற்காலை ஐந்து மணி ஆராதனை அங்கே லுத்தரன் கோவிலில். 24-ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கு அத்தை, அதாவது என் மாமியார், கறியை மஞ்சள் போட்டுக் கழுவி மூடி வைத்துவிடுவார். நாங்கள் மூவரும் ஒரே வண்டியில் பூசைக்குக் கிளம்புவோம், மகள் நடுவில். பெரும்பாலும் மழை தூறும். பூசை முடிந்து, குடிலில் குழந்தை இயேசுவுக்கு முத்தி, அதாவது முத்தம், கொடுத்து, ஆளுக்கொரு துண்டு கேக்கை வாங்கிக்கொண்டு வீடு வந்துசேர ஒன்றே முக்கால் ஆகும். இரண்டு மணிக்கு மிக்ஸி ஓடும். “ரெண்டு மணிக்கு உங்க வீட்டு மிக்ஸி கேட்டாத்தான் எனக்குக் கிறிஸ்துமஸ்” என்று எதிர்வீட்டு அக்கா சொல்வார். அவர் சிவராத்திரிக்குக் கண்விழிப்பவர், தூக்கம் கெடுவது ஒரு பொருட்டில்லை. கறி வேகும்வரை நான் அடுப்படியில் இருப்பேன். நாலரைக்கு அத்தை எழுந்து முகம் கழுவி, கீர்த்தனைப் புத்தகத்தை ஜவுளிக்கடைப் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நிற்பார். அடுத்து அந்தக் கோவில். பதினான்கு வருடமாகக் கிறிஸ்துமஸ் ராத்திரியில் எனக்குத் தூக்கம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ராத்திரி நாங்கள் மூவரும் இரண்டு கோவிலிலும் ஒன்றாக இருந்தோம்.

இந்த வருடம் விடியற்காலை ஆராதனையைச் சபைக் கமிட்டி ராத்திரிக்கு மாற்றிவிட்டது. ஐயர் அவர்களே, கமிட்டியில் சொல்லப்பட்ட காரணம் என் கணவர் காதுக்கும் வந்தது: “நம்ம பிள்ளைங்க லைட்டும் குடிலும் பார்க்க ராத்திரி ஆர்.சி. கோவிலுக்குப் போயிடுது, காலையில ஒண்ணும் எழுந்து வர்றதில்ல.” பிள்ளைகள் எழுந்து வரவில்லை என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் அவர்கள் அங்கே போகக்கூடாது என்பதற்காகவே அதே மணியை வைத்தால், அது ஆராதனை நேரமா, போட்டிக் கடையா? சரி, பிள்ளைகளை மறித்துவிட்டீர்கள். அதில் நாங்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டோம்.

பங்குப்பேரவையிலும் கேட்டுப் பார்த்தேன். பூசையைப் பத்து மணிக்குத் தொடங்கினால் என்ன என்றேன். “அவங்க மாத்தினதுக்கு நாம ஏன்மா மாத்தணும்?” என்று பதில் வந்தது. கிளைக் கிராமத்தில் 25 காலையில் பூசை இருக்கிறதே, அங்கே போய், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாள் கடமையை முடித்துக்கொள்ளலாமே என்று இன்னொருவர் வழி சொன்னார். போகலாம், கடன் தீர்ந்துவிடும். நான் வேலை பார்ப்பதே வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். கடன் கழிக்கும் வேலையைத் தினமும் பத்து மணியிலிருந்து செய்கிறேன். கிறிஸ்துமஸுக்கும் அதையே செய்யச் சொல்லாதீர்கள்.

டிசம்பர் 31 ராத்திரி எப்போதுமே இரண்டு கோவில் நேரமும் மோதல்தான். அதைப் பற்றி நாங்கள் வாய் திறந்ததில்லை. ஒரு வருடம் நன்றி வழிபாடு இங்கே, மறு வருடம் புது வருடத்துக்கான வாக்குத்தத்த வசன அட்டை அங்கே என்று மாற்றிமாற்றிப் போய்விடுகிறோம். ஒரு ராத்திரியை விட்டுக்கொடுத்தாயிற்று. இரண்டாவதையும் கேட்கிறீர்கள்.

நேரம் ஒத்துவரவே வராது என்றும் சொல்ல முடியாது. புனித வெள்ளியைப் பாருங்கள். (அத்தைக்கு அது பெரிய வெள்ளி.) பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை லுத்தரன் கோவிலில் மும்மணி ஆராதனை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகள். வீட்டுக்கு வந்து கஞ்சியும் பருப்புத் துவையலும். ஐந்து மணிக்குக் கத்தோலிக்கக் கோவிலில் பாடுகளின் வாசகமும் சிலுவை முத்தியும். ஈஸ்டரும் அப்படித்தான்: சனி ராத்திரி பாஸ்கா திருவிழிப்பு, ஞாயிறு விடியலில் அவர்கள் ஆராதனை. யாரும் எங்களுக்காகத் திட்டமிட்டதில்லை, தானாகவே அமைந்தது. தானாக அமையும்போது நன்றாக இருப்பது, நீங்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது மட்டும் கெட்டுப்போகிறது.

பங்குத்தந்தை அவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் கிறிஸ்துமஸுக்கு அடுத்து வந்த திருக்குடும்ப விழா ஞாயிறு. மறையுரை முடிந்ததும், தம்பதிகள் ஜோடியாக முன்னால் வந்து திருமண வாக்குறுதியைப் புதுப்பிக்கலாம் என்று சொன்னீர்கள். என் கணவர் அதற்கென்றே பட்டு வேட்டி கட்டி வந்திருந்தார். வரிசையில் பாதி தூரம் போயிருப்போம். பேரவைப் பெரியவர் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, சத்தம் வராமல், “கொஞ்சம் ஓரமா இருந்துக்குங்க தம்பி, இது ரெண்டு பேருமே நம்மாளா இருக்கறவங்களுக்கு” என்றார். பேரவை முடிவாம். ஜன்னல் பக்கம், மின்விசிறி சுவிட்சுப் பலகைக்கு அடியில் போய் நின்றோம். மற்றவர்கள் கைகோத்து வாக்குறுதி சொல்லச்சொல்ல, அவர் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்வாரியத்தில் வேலை. வெளியே வந்ததும், “அந்த நியூட்ரல் லூசா இருக்கு, சொல்லணும்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் டெஸ்டரோடு போய்ச் சரிசெய்துவிட்டும் வந்தார்.

நாங்கள் புதுப்பிக்கப் போன வாக்குறுதியை யார் முன்னால் கொடுத்தோம் என்று யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? கத்தோலிக்கக் கோவிலில், கத்தோலிக்கக் குருவின் முன்னால், ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதியோடு. 1983-ஆம் வருடத் திருச்சபைச் சட்டத்தில் 1124, 1125 எண்களில் அதற்கான முறை இருக்கிறது. என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அதை என் கணவரிடமும் தெரிவித்தார்கள், அவர் தலையாட்டினார். அன்று ஐயர் வந்து வேதபாடம் வாசித்து எங்களுக்காக ஜெபித்தார். என் கணவர் வீட்டில் அத்தை ஒருவர்தான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வாக்கை நான் காப்பாற்றியிருக்கிறேன். மகள் உங்கள் கையில் ஞானஸ்நானம் பெற்றவள். போன வருடம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியபோது அவள் போட்டிருந்த வெள்ளைக் கவுன், அன்று சாப்பிடாமல் படுத்த அதே அத்தை கும்பகோணம் போய் எடுத்து வந்தது.

அதே சட்டத்தில் 1128 என்று ஓர் எண்ணும் இருக்கிறது. கலப்புத் திருமணத்தில் இருக்கும் கத்தோலிக்கத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் ஆன்மிக உதவி குறையாமல் பார்த்துக்கொள்ளவும், அந்தத் தம்பதியின் குடும்ப ஒற்றுமையை வளர்க்கவும் ஆயரும் பங்குக்குருவும் உதவ வேண்டும் என்கிறது அது. என்னிடம் கையெழுத்து வாங்கிய சட்டம் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

சபைப் பக்கமும் சளைத்ததில்லை. சந்தா ரசீதில் “குடும்பம்” என்று எழுதிப் பணம் வாங்குகிறீர்கள். அங்கத்தினர் பட்டியலில் என் கணவர் தனி ஆள். பங்குக் குடும்ப அட்டையில் நானும் மகளும் மட்டும், அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. பேரேடு எழுதிப் பழகியவள் சொல்கிறேன், இரண்டு கணக்கையும் கூட்டினால்தான் எங்கள் குடும்பம் முழுசாக வருகிறது.

பூசையில் அப்பமாக வாங்கும் நற்கருணையைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் கேட்கவில்லை. இங்கே என் கணவருக்குக் கிடையாது, அங்கே திருவிருந்துக்கு நான் போவதில்லை. எழுந்து போகிறவர்களுக்குக் கால் ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருக்கப் பழகிவிட்டோம். 2015 நவம்பரில் போப் பிரான்சிஸ் ரோமில் உள்ள லுத்தரன் கோவிலுக்குப் போனபோது, எங்களைப் போலவே கத்தோலிக்கரைக் கட்டிய லுத்தரன் பெண் ஒருவர் எழுந்து இதைத்தான் கேட்டார். அனுமதிக்க எனக்கு அதிகாரமில்லை, ஆண்டவரோடு பேசுங்கள், முன்னே செல்லுங்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார் அவர். போப்பே தயங்கிய இடத்தில் நம் ஊர் ஃபாதரையும் ஐயரையும் நிறுத்திக் கேள்வி கேட்கும் எண்ணம் எனக்கில்லை. நான் கேட்பது கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வரிசையைப் பற்றியும். அவை இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

பழைய சண்டை என்று தெரியும். 1706-இல் லுத்தரன் மிஷனரியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். கொஞ்ச காலத்தில், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்த கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் லுத்தரன்களை எதிர்த்துத் தமிழில் எழுதித் தள்ளினார். ஏறக்குறைய முந்நூறு வருடம் ஆகிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில், சண்டைக்கு வேராக இருந்த விஷயத்திலேயே, மனிதன் எப்படி நீதிமானாக்கப்படுகிறான் என்பதிலேயே, அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று இரு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று. அந்தக் கையெழுத்து ஒன்றரைக் கிலோமீட்டர் தாண்டி வருவதற்கு இன்னும் எத்தனை நாள் ஆகும்?

வீட்டில் ஒத்துப்போக எங்களுக்கு இவ்வளவு நாள் ஆகவில்லை. முதல் வருடம் சண்டைதான். தலைக் கிறிஸ்துமஸ் எங்கள் வீட்டில்தான் என்று அம்மா, வந்த மருமகள் முதல் பண்டிகைக்கு இங்கே இல்லாமலா என்று அத்தை. நான் பேருந்து நிலையத்தில் பையோடு அழுதேன். அடுத்த வருடம் அம்மா தானே ஃபோன் போட்டு, “சம்பந்தி, எனக்குக் கிறிஸ்துமஸ் 26-ஆம் தேதி. அன்னைக்குத்தான் சேவல் அடிப்பேன். நீங்களும் வந்துடுங்க” என்றார். அதோடு முடிந்தது. தவக்கால வெள்ளியில் எனக்குக் கவிச்சி ஆகாது என்று தெரிந்த பிறகு அத்தை அன்று மீன்காரரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். நான் கேட்கவில்லை. ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்களுக்கு வாசலில் நீர்மோர் வைத்துக் கொடுக்கிறார். “என்ன அத்தை, மாதா பக்கம் வந்துட்டீங்களா?” என்று ஒருமுறை சீண்டினேன். “மாதாவுக்கு இல்லடி, நடந்து வர்ற காலுக்கு” என்றார். அவர் கொள்கை ஓர் அங்குலம் நகரவில்லை. மோர் மட்டும் குறைந்ததே இல்லை.

மகளிடம் இரண்டும் கலந்துதான் கிடக்கிறது. எங்கள் கோவிலில் கர்த்தர் கற்பித்த ஜெபம் “தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்” என்பதோடு நிற்கும், குரு தொடர்வார். போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, எல்லோரும் நிறுத்திய பிறகும் இவள் குரல் மட்டும், அப்பாவோடு சொல்லிச்சொல்லிப் பழகிய வேகத்தில், “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்” என்று தனியாகப் போய்க்கொண்டிருந்தது. கோவிலே திரும்பிப் பார்த்தது. பங்குத்தந்தை அவர்களே, நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அவள் “ஆமென்” சொல்லும்வரை கைகளை விரித்தபடியே காத்திருந்துவிட்டுத்தான் தொடர்ந்தீர்கள். இந்தக் கடிதத்தை எழுதத் தைரியம் வந்தது அந்த அரை நிமிடத்தால்தான். அவளோ இப்போது, “24 ராத்திரி நான் அப்பாகூடவா, உங்ககூடவாம்மா?” என்று தினமும் கேட்கிறாள். எங்கள் வீட்டில் இதற்கு முன்பு யாரும் கேட்காத கேள்வி அது.

ஆகவே, நேராகக் கேட்கிறேன்.

ஐயர் அவர்களே, கமிட்டியாரே, இந்த வருடமே கிறிஸ்துமஸ் ஆராதனையைப் பழையபடி 25 விடியற்காலை ஐந்து மணிக்கு வையுங்கள். பிள்ளைகள் வருவதற்கு வேறு வழி பாருங்கள். ஆராதனை முடிந்ததும் சூடாக இட்லியும் கறிக்குழம்பும் போட்டால் வருவார்கள் என்பது என் அபிப்பிராயம். இருபது வீட்டுப் பெண்களைச் சேர்த்துச் சமைக்க நான் தயார், ஆர்.சி. கை பட்டால் பரவாயில்லை என்றால். ராத்திரிதான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், 24 சாயங்காலம் ஏழு மணிக்கு வையுங்கள்.

பங்குத்தந்தை அவர்களே, சபை எந்த முடிவும் மாற்றாவிட்டால், நீங்கள் பூசையைப் பத்து மணிக்காவது ஒன்பது மணிக்காவது கொண்டுவாருங்கள். யார் முதலில் இறங்கி வந்தது என்று ஊர் பேசினால் பேசட்டும். வரும் திருக்குடும்ப விழாவில், இந்த மாதிரி கல்யாணம் செய்துகொண்டவர்களும் முன்னால் வரலாம் என்று உங்கள் வாயால், மைக்கில் சொல்லுங்கள். எங்கள் பங்கில் மட்டும் எனக்குத் தெரிந்து ஆறு வீடு இருக்கிறது. மற்ற ஐந்து வீட்டு ஆண்களும் பெண்களும் அந்த ஞாயிறு கோவிலுக்கே வருவதில்லை.

இரண்டு கோவில் அலுவலகத்துக்கும்: குடும்ப அட்டையிலும் அங்கத்தினர் பட்டியலிலும் துணையின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் எந்தச் சபை என்று போட்டுக்கொள்ளுங்கள். கோடு மட்டும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு டிசம்பர் 26 காலையிலும், 2004 சுனாமியில் போனவர்களுக்காக, நம் கடற்கரையில் ஃபாதரும் ஐயரும் ஒரே மைக்கில் ஜெபிக்கிறீர்கள். நாங்கள் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அங்கிருந்தேதான் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுகிறோம். இந்த 26 அன்று ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம் அங்கேயே நின்று, அடுத்த வருடத்துக்கான புனித வாரம், கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 மூன்றின் மணியையும் பேசி முடித்துவிடுங்கள். காலண்டரும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன்.

இந்த வருடத்து முடிவை டிசம்பர் 14 ஞாயிறு அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தை கறிக்கடையில் சொல்லிவைக்க வேண்டும். எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைப்பது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பங்கில் பாதியும் உங்கள் சேகரத்தில் பாதியுமாக எழுதப்பட்டிருக்கும் ஒரு குடும்பத்தின் மருமகள்